எஸ்ஓடி ஏறினா நல்லதா?

மீன் லேப்ல வேலைன்னு சொன்னாலே ஊர்ல எல்லாரும் கேக்குறது, மிச்ச மீனை என்ன செய்வீங்கன்னுதான். ரோகு ஈரலை ஐஸ் மேல வச்சு அரைச்சு, கூலிங் சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி, மேல தெளிஞ்சு நிக்கிறதை எடுத்து எஸ்ஓடி (சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூடேஸ்) மாதிரி என்சைம் பாக்குற எங்ககிட்ட குழம்புக்கு என்ன தேறும் சொல்லுங்க.

எனக்குப் பிடிச்சது என்பிடி டெஸ்ட். கிருமியைக் கண்டா மீனோட வெள்ளை அணுக்கள் சூப்பர்ஆக்சைடுங்கிற வீரியமான ஆக்சிஜனைக் கக்கும், அது மஞ்சளா இருக்குற என்பிடி சாயத்தை கருநீலமா மாத்திடும், நீலம் கூட கூட உள்ள சண்டை பலமா நடக்குதுன்னு அர்த்தம். ஆனா சூப்பர்ஆக்சைடுக்கு கிருமின்னும் தெரியாது சொந்த செல்லுன்னும் தெரியாது, அதனாலதான் எஸ்ஓடி அதைப் பிடிச்சு ஹைட்ரஜன் பெராக்சைடா மாத்துது, அப்புறம் கேட்டலேஸ்னு இன்னொரு என்சைம் வந்து அதையும் தண்ணி, ஆக்சிஜன்னு உடைச்சிடுது. மெடிக்கல் ஷாப் பெராக்சைடை ஈரல் சாறுல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, புஸ்ஸுன்னு நுரை பொங்கும், அது கேட்டலேஸ் வேலை.

எரிச்சல் வர்றது எங்கன்னா, "பூண்டுத் தீவனம் கொடுத்தோம், எஸ்ஓடி ஏறிடுச்சு, எதிர்ப்பு சக்தி கூடிருச்சு"ன்னு ஒரே வரில முடிக்கிறாங்க பாருங்க அங்கதான். அமோனியா ஏறுன தண்ணில கிடந்து திணறுற மீனுக்கும் எஸ்ஓடி ஏறும்ங்க! கூடவே எம்டிஏங்கிற கழிவுப் பொருளைப் பாக்கணும், அது ஏறுச்சுன்னா செல்லோட கொழுப்பு கெட்டுட்டு இருக்குன்னு அர்த்தம், பாக்டீரியா சுவரை உடைக்கிற லைசோசைம் பாக்கணும், கடைசில ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலாங்கிற மீன் நோய்க் கிருமியை ஊசில ஏத்தி எத்தனை மீன் பிழைக்குதுன்னும் பாக்கணும். இதெல்லாம் இல்லாம எஸ்ஓடி மட்டும் வச்சு ரிசல்ட்னு கொண்டு வந்தா நான் நம்ப மாட்டேன்.

அதுலயும் வலை வச்சு தொட்டியைச் சுத்தி துரத்துனாலே கார்டிசால்ங்கிற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறிடும், முதல்ல மாட்டுன மீனும் கடைசில மாட்டுனதும் ஒரே தொட்டின்னாலும் ஒண்ணு கிடையாது. அதான் சட்டுனு அள்ளி கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணில மயக்கிட்டு, வால் பக்கம் ஊசி குத்தி ரத்தம் எடுப்போம். புதுசா வர்ற பசங்க மெஷின் ஓட்ட சீக்கிரம் கத்துக்கிறாங்க, மீனைப் பிடிக்கத்தான் நாளாகுது.

இதையெல்லாம் குளம் வச்சிருக்குற ஒரு அண்ணாச்சிகிட்ட விளக்கினேன், பொறுமையா கேட்டுட்டு "சரி தம்பி, பூண்டு போடவா வேண்டாமா?"ன்னாரு. விடியக்காலைல மீன் மேல வந்து வாயைப் பொளக்குதான்னு முதல்ல பாருங்க அண்ணாச்சி, ஆமான்னா தண்ணில ஆக்சிஜன் பத்தலை, காத்து ஏத்துற ஏரேட்டருக்கு செலவு பண்ணுங்க, பூண்டை அப்புறம் பாக்கலாம்னேன். அவரு ஏற்கனவே மூட்டையா வாங்கி வச்சிட்டாராம்.