பணியிட மொழியும் கைப்பேசி விளையாட்டும்

புலம்பெயர்ந்து வேலைக்கு வருபவருக்கு முதல் நாளே தேவைப்படுவது, "நிறுத்து", "விலகு" என்று இரைச்சலுக்கு நடுவே ஒருவர் கத்தியதும் அந்த நொடியிலேயே புரிந்துகொள்ளும் திறன். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலின் முதல் படியில் தன்னை அறிமுகம் செய்துகொள்வது இடம்பெறுகிறது; இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு அந்த வரிசை போதாது.

இத்தகைய பணியிடக் கட்டளைகளைக் கைப்பேசி விளையாட்டு வழியே பழக்கலாம். விளையாட்டில் தவறாகப் புரிந்துகொண்டால் விரல் போகாது, மேற்பார்வையாளர் முன் தலைகுனியவும் வேண்டியதில்லை. அதே கட்டளையை வேறு குரலில், வேறு வேகத்தில், சில நாள் இடைவெளி விட்டு மீண்டும் கேட்கச் செய்யலாம். எழுத்தறியாதவரும் ஆடும்படி அது ஒலியாலும் படத்தாலும் அமைய வேண்டும். "புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்பவருக்கே அதில் அதிக மதிப்பெண் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஓய்வு நேரத்தைப் பறிக்காமல், கூலியுள்ள வேலை நேரத்திலேயே இந்தப் பயிற்சியை அளிக்க வேண்டும்.