உதிரிபாகம் மாற்றிய ஏர் பிஸ்டலில் பெல்லட் போடும் முன்

கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் பழக வரும் பிள்ளைகளில் பலர், பெங்களூரில் யாரோ சுட்டுப் பழகிய மேட்ச் பிஸ்டலைத்தான் (போட்டிக்கான ஏர் பிஸ்டல்) முதலில் வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு ட்ரிக்கர் ஸ்பிரிங், ட்ரிக்கர் பிளேடு, மரக் கிரிப் என்று வேறு பாகங்களையும் பொருத்திவிடுகிறார்கள். பொருத்துவதை நான் குறை சொல்லவில்லை. பொருத்திய பிறகு எதையும் சோதிக்காமல் அடுத்த நிமிடமே பெல்லட், அதாவது சிறு ஈயக் குண்டு, போடுவதைத்தான் சொல்கிறேன்.

மேட்ச் ஏர் பிஸ்டல்கள் பலவற்றில் தனியாக சேஃப்டி பொத்தானே கிடையாது. குழலில் செருகும் சேஃப்டி ஃபிளாக்கைத் தவிர நம்மைக் காப்பது, ட்ரிக்கரை இழுக்கும்வரை சுத்தியலைப் பிடித்துவைக்கும் சியர் என்ற சிறு எஃகு நாக்கு மட்டும்தான். அதன் விளிம்பு எவ்வளவு ஆழமாகப் பிடித்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இலகுவான ஸ்பிரிங்கைப் போட்டு, திருகையும் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினால், இழுவை வெண்ணெய் போல இருக்கும்; அதே சமயம் அந்தப் பிடிப்பு மயிரிழை அளவுக்குக் குறைந்து நிற்கும்.

இதன் முதல் அறிகுறி, பெல்லட் போடத் திறந்த லீவரை மூடும்போதே பிஸ்டல் தானாகச் சுட்டுவிடுவது. பாலக்கோட்டிலிருந்து வரும் ஒரு மாணவனின் பிஸ்டலில் இப்படி நடந்தபோது, "ட்ரிக்கரைத் தொடவே இல்லை சார்" என்று அவன் சொன்னது உண்மைதான். இப்படி ஆனால் உடனே சுடுவதை நிறுத்தி, குழலை இலக்குப் பக்கமே வைத்து, பெல்லட் இல்லை என்று உறுதிசெய்து, அழுத்தக் காற்று அடைத்த சிலிண்டரைக் கழற்றி, உள்ளே மிஞ்சிய காற்றையும் வெளியேற்றிவிட வேண்டும். பிறகு புதிய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அசல் ஸ்பிரிங்கைப் போட்டு, திருகுகளைக் கையேட்டில் உள்ள நிலைக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். கோளாறு போய்விட்டால் குற்றவாளி புதிய பாகமோ, அதற்காக மாற்றிய அமைப்போதான். போகவில்லை என்றால் சியரின் விளிம்பே தேய்ந்திருக்கலாம்; அதை அரத்தால் ராவிச் சரிசெய்யும் வேலை வீட்டில் செய்யக்கூடியதே அல்ல. ஒரே நேரத்தில் மூன்று பாகங்களை மாற்றியவர்களுக்கு இந்தத் தேடல் மூன்று மடங்கு நீளும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மரக் கிரிப்பை யாரும் சந்தேகிப்பதில்லை. கிரிப்பின் உள்விளிம்பு ட்ரிக்கரில் லேசாக உரசினாலும் ட்ரிக்கர் முழுதாக முன்னால் திரும்பாது. அடுத்த முறை பாதி வழியிலேயே விடுபட்டுவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை நுழைத்து இழுத்துப் பாருங்கள், எங்கே மாட்டுகிறதோ அங்கே மரம் தொடுகிறது. கிரிப்பைக் கழற்றிவிட்டு டிரை ஃபயர் செய்தால், அதாவது பெல்லட் இல்லாமல் ட்ரிக்கரை இழுத்தால், ட்ரிக்கர் ஒழுங்காகத் திரும்புகிறது என்றால் குற்றவாளி கிரிப்தான், ஐயமே வேண்டாம்.

பன்னாட்டுச் சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி ஏர் பிஸ்டலின் ட்ரிக்கர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்கியாக வேண்டும். காற்றை நிரப்பி, பெல்லட் இல்லாமல் லீவரை மூடி, குழலை நேர் மேலே நிறுத்தி, சோதனை எடையை ட்ரிக்கரில் தொங்கவிட்டுத் தூக்கும்போது விடுபட்டால் அந்த அமைப்பு போட்டிக்கும் ஆகாது, பயிற்சிக்கும் ஆகாது. சிலிண்டரை வேறு தயாரிப்பிலிருந்து மாற்றுவதை நான் அறவே ஒப்புக்கொள்வதில்லை. அதில் பொறித்திருக்கும் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டா போடும் உரிமத் துப்பாக்கி வைத்திருப்போருக்கு மேற்சொன்ன கைவேலை எதுவும் பொருந்தாது. 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட ஏர் பிஸ்டலுக்கு 2016ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் தேவையில்லை. ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கியின் பாகங்களும் துப்பாக்கியே. தோட்டாத் துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் தனி உரிமம் வேண்டும். தருமபுரியில் கைதேர்ந்த லேத் பட்டறைகள் நிறைய உண்டு என்பது இங்கே உதவாது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடமே கொண்டுபோங்கள், உரிமப் புத்தகத்தோடு கழற்றிவைத்த அசல் பாகத்தையும் கையில் கொடுங்கள். அவரும் முதலில் அதைத்தான் பொருத்திப் பார்ப்பார்.