சப்வேக்கு எத்தனை பெரிய எழுத்து?

மார்ச் 4
பள்ளிப் பிள்ளைகளுக்காக நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து தொகுக்கிற இருமொழிக் கலைக்களஞ்சியத்தில் உணவகச் சங்கிலிகள் என் தலையில் விழுந்திருக்கின்றன. சப்வே பற்றி எழுத அரை மணித்தியாலம் போதுமாயிருந்தது: 1965, கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட், 17 வயது பிரெட் டிலூக்கா, பீட்டர் பக் கொடுத்த 1000 டொலர். தலைப்பில்தான் மாட்டிக்கொண்டேன். ஆங்கிலப் பக்கத்தில் ஆறு எழுத்தும் கெப்பிட்டலா, எஸ் மட்டும் கெப்பிட்டல், மிச்சம் சிம்பிளா, அதாவது சின்ன எழுத்தா?

மார்ச் 5
திருகோணமலை உவர்மலையில் இருக்கிற நண்பன் போனில் ஒரே பிடி. "கடைப் பலகையில முழுக்கக் கெப்பிட்டல்தான்டா, அவன்ட பேரை மாத்த நாங்கள் ஆர்?" எனக்கோ பலகை என்பது படம் மாதிரி, அங்கே எழுத்துக்கு வேலை கண்ணைப் பிடிப்பது. கேஎப்சியை எழுத்தெழுத்தாகச் சொல்கிறோம், அதனால் மூன்றும் பெரிதாக இருப்பது நியாயம். ஐஹொப் என்ற அமெரிக்க உணவகச் சங்கிலியை ஒரு சொல்லாகத்தான் சொல்கிறார்கள், ஆனாலும் அது ‘இன்டர்நஷனல் ஹவுஸ் ஒஃப் பான்கேக்ஸ்’ என்பதன் சுருக்கம், அதுவும் சரி. சப்வே எதன் சுருக்கம்? ஒன்றினதும் இல்லை. முழுக்கப் பெரிதாகப் போட்டால் வாசிக்கிற பிள்ளை அதற்கு விரிவு தேடும். ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேடும் இதே பக்கம்தான் நிற்கிறது, உரிமையாளர் எப்படி விரும்பினாலும் வழக்கமான எழுத்து முறையே போதும் என்கிறது.

மார்ச் 6
பின்னேரம் கடற்கரையில் மான்கள். ஒன்றும் எழுதவில்லை.

மார்ச் 7
சிக்-ஃபில்-ஏ என்ற அமெரிக்கக் கோழி உணவகச் சங்கிலி வந்து என் கொள்கையைக் கவிழ்த்துவிட்டது. நடுவில் எஃப் சிம்பிள், கடைசி ஏ கெப்பிட்டல், அந்த ஏ முதல்தரம் என்பதற்கு அடையாளமாம். என் விதிப்படி இதையும் திருத்தவேண்டும், ஆனால் செய்திகளிலும் நூல்களிலும் எல்லோரும் அப்படியேதான் எழுதுகிறார்கள், திருத்தினால் எனக்கு மட்டும்தான் விளங்கும். சரி, கொஞ்சம் இறங்கி வந்தேன்: பலகையைப் பார்க்காதே, மற்றவர்கள் வசனத்துக்குள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார். சப்வேக்கு எஸ் மட்டும். நண்பன் இன்னும் முறைக்கிறான்.

மார்ச் 9
தமிழ்ப் பக்கம். பெரிய எழுத்தே இல்லாத மொழி, தலையிடி இல்லை என்று நினைத்தேன். பெறாமகள் தலைப்பைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, ரோட்டுக்குக் கீழால போற பாதையோ?" என்றாள். ஆங்கிலத்தில் அந்த ஒரு எஸ் கடையையும் சுரங்கப்பாதையையும் பிரித்துவிடுகிறது, எங்களிடம் அதற்கு ஒன்றும் இல்லை. பெயரில் இருக்கிற சப் நீர்மூழ்கியிலிருந்து வந்தது, அந்த வடிவில் நீளமான பாணுக்குள் இறைச்சி வைப்பார்கள் என்றேன். உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய நீர்மூழ்கிகள் நின்ற துறைமுகத்தில் வளர்கிற பிள்ளை, உடனே பிடித்துக்கொண்டாள்.

‘சப்வே உணவகம்’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். அடுத்தது பீட்சா ஹட். ஹட்டா, ஹற்றா என்று நண்பன் இப்பவே தொடங்கிவிட்டான்.