ஒன்பது நாள் சீசனுக்கு ஒரு வருஷ ஏற்பாடு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரைஃபிள் கொண்டு மான் வேட்டையாடும் பெரிய சீசன் வருஷத்துக்கு ஒன்பதே நாள். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும், அடுத்த வார ஞாயிறோடு முடிந்துவிடும். இங்கே அது திருவிழாதான். பெட்ரோல் பங்கு, மளிகைக் கடை, காபிக் கடை என்று எங்கே பார்த்தாலும் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டை. மேடிசன் பக்கம் குடிவந்த புதிதில் வேடிக்கை பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவரோடு பேசிப் பேசி ஆசை வந்து, போன வருஷம் நானும் இறங்கினேன். எப்படித் தயாரானாய் என்று நண்பர்கள் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "வள்ளியம்மையைப் பெத்ததே ஒரு மான்தாண்டா, அதைப் போய்ச் சுடப்போறேங்கிறியே" என்றாள் போனில். நம் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு மானைச் சுட்டால் ஜெயில்தான். அம்மாவின் பயத்தில் நியாயம் உண்டு. இங்கே நிலைமை வேறு. மானைத் தின்னும் ஓநாய்கள் பெரும்பாலும் மாநிலத்தின் வடக்கிலும் நடுவிலும்தான். தெற்கே எங்கள் பக்கத்தில் மக்காச்சோளமும் சோயாவும் தின்று வெள்ளைவால் மான்கள் பெருகிக்கொண்டே போகின்றன. ஓக் கன்றுகளைத் தலையெடுக்க விடுவதில்லை. ரோட்டில் காரில் அடிபட்டுச் சாகின்றன. இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். "சரி, துடிக்க விடாதே, வீணாக்காதே" என்றாள். அந்த வருஷம் நான் செய்த ஏற்பாடெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் லைசென்ஸ் வாங்க, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறிய சான்றிதழ் வேண்டும். பாடத்தை ஆன்லைனில் படித்துவிட்டு ஒரு நாள் நேரில் போய்ச் செய்து காட்டினேன். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினை, முனையை ஆபத்தில்லாத பக்கம் வை, குறியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் உறுதி செய், சுடும் வரை விசையில் விரல் வைக்காதே. இந்த நான்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். சொல்லிக்கொடுப்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

விசாவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வக்கீலைக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது துப்பாக்கி சுடும் களம். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் எட்டு அங்குல அகலம், ஒரு காகிதத் தட்டு அளவு. மேஜையில் மணல் மூட்டை மேல் ரைஃபிளைச் சாய்த்து நூறு கஜத்தில் தட்டை ஓட்டை போடுவது பெரிய காரியமில்லை. பெரியவர் என்னை மேஜையை விட்டு எழுப்பினார். தரையில் உட்கார்ந்து, முட்டி போட்டு, கம்பத்தில் சாய்ந்து என்று மாற்றி மாற்றிச் சுடச் சொன்னார். வெயில் காலத்திலேயே குளிர்கால ஜாக்கெட்டையும் கையுறையையும் மாட்டிவிட்டார். தடித்த ஜாக்கெட் போட்டால் ரைஃபிளின் கட்டை தோளில் உட்காரும் விதமே மாறிவிடுகிறது, ஸ்கோப்பில் கண் பொருந்துவதில்லை. அதை நவம்பரில் மானுக்கு முன்னால் கண்டுபிடிக்கக் கூடாது. குழல் சூடான பிறகு விழும் குண்டுகளை அவர் பார்க்கவே மாட்டார். களத்துக்குப் போனதும் ஆறிய குழலில் சுடும் முதல் குண்டு எங்கே விழுந்தது, அது மட்டும்தான் அவருக்குக் கணக்கு. காட்டில் கிடைப்பது அந்த ஒன்றுதானே. கடைசியில் என் எல்லை நூறு கஜம் என்று முடிவு செய்தேன். அதைத் தாண்டி எவ்வளவு பெரிய கொம்போடு நின்றாலும் சுடுவதில்லை.

இடம் பெரியவருக்குத் தெரிந்த ஒரு விவசாயியின் நிலம். கோடையிலேயே போய் அனுமதி கேட்டேன், விறகு அடுக்க ஒத்தாசை செய்தேன். செப்டம்பரில் வெள்ளை ஓக் காய்கள் உதிரத் தொடங்கியதும் மான் தடம் அந்த மரங்களை நோக்கித் திரும்பியது. அக்டோபரில் ஆண் மான்கள் கொம்பை உரசிப் பட்டை உரித்த சின்ன மரங்கள் வரிசையாகத் தெரிந்தன. அங்கே நவம்பரில் பெரும்பாலும் வடமேற்குக் காற்று. அதனால் தடத்துக்குத் தென்கிழக்கே பரண் கட்டினோம், என் வாடை மானுக்குப் போகாது. பரணில் ஏறும்போது தரையை விட்டுக் கால் எடுப்பதிலிருந்து விழாமல் தாங்கும் உடல் பட்டை மாட்டியிருக்க வேண்டும். தோட்டா இல்லாத ரைஃபிளைக் கயிற்றில் கட்டி அப்புறம் மேலே இழுத்துக்கொள்ளலாம். இதில் சமரசமே கிடையாது. பரணிலிருந்து விழுந்து முதுகு உடைந்தவர்கள் நிறைய.

உடை விஷயத்தில் சட்டம் தெளிவு. இடுப்புக்கு மேலே வெளியில் தெரியும் உடையில் பாதியாவது பளிச்சென்ற ஆரஞ்சாகவோ பிங்காகவோ இருக்க வேண்டும். மானுக்கு அந்த ஆரஞ்சு நமக்குத் தெரிகிற மாதிரி தெரியாது. ஆனால் துணியை வெளுப்பாகக் காட்டும் சோப்புத் தூளின் மினுக்கம் அதன் கண்ணில் படும் என்பதால், அந்தச் சரக்கு கலக்காத, வாசனையில்லாத சோப்பில் துவைத்தேன். நம் வீட்டில் தாளிக்கும் வாசனை துணியில் ஏறிவிடும். வெளியே காயவைத்து, மூடி போட்ட டப்பாவில் கராஜிலேயே வைத்துவிட்டேன்.

முதல் நாள் காலையில் ஒரு நல்ல கொம்பு மான் மேட்டு விளிம்பில், வானத்தை முதுகில் வைத்துக்கொண்டு நின்றது. பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன். மத்தியானம் ஒரு பெண் மான் அறுபது கஜத்துக்குள் பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் வைத்து ஒரே குண்டு. கொஞ்ச தூரம் ஓடி ஓக் மரத்தடியில் விழுந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் இறங்கினேன். குடலை அங்கேயே எடுத்துவிட்டேன், தாமதித்தால் கறி கெடும். சுட்ட மானை அடுத்த நாள் மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்ய வேண்டும், போனிலேயே முடிந்தது.

அதோடு வேலை தீரவில்லை. 2002-ல் விஸ்கான்சினில் மான் நலிவு நோய் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது எங்கள் மாவட்டப் பக்கம்தான். ப்ரியான் என்ற புரதத்தால் வருவது, சமைத்தாலும் அழியாது. மனிதருக்கு இது தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை, ஆனாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்று சுகாதாரத் துறை சொல்கிறது. தலையையும் கழுத்தின் ஒரு பகுதியையும் எண் போட்ட சீட்டோடு அதற்கென்று வைத்திருக்கும் பெட்டியில் போட்டால் இலவசமாகச் சோதிக்கிறார்கள். அதனால் முதுகெலும்பை அறுக்காமல் கறியை மட்டும் பிரித்து, சீட்டு எண் எழுதிய பைகளில் ஃப்ரீசரில் வைத்து, முடிவு வரும் வரை தொடவில்லை. நோய் இல்லை என்று வந்த பிறகுதான் அடுப்பு ஏறியது. மான் கொழுப்பு வாயில் மெழுகு மாதிரி ஒட்டும், முழுக்கச் சீவி எடுத்துவிடுங்கள். நல்லெண்ணெயும் மிளகும் தாராளமாக வேண்டும். தொடைக்கறி குக்கரில் நன்றாக வெந்தால் குழம்புக்கு அருமை. பெரியவர் வீட்டுக்கும் விவசாயி வீட்டுக்கும் ஒரு பங்கு கொடுத்தேன்.

இந்த வருஷச் சீசனுக்கு இன்னும் சில வாரம்தான். முதல் குண்டு தட்டுக்குள் விழுகிறது, லைசென்ஸ் வாங்கியாயிற்று. மழையால் பக்கத்து வயலில் சோளம் இன்னும் அறுக்கவில்லை. அது நின்றால் மான்கள் உள்ளேயே ஒளிந்துகொள்ளும், வெளியே வராது. அதனால் ஓடைக்கரையில் இரண்டாவதாக ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை தெற்கத்திக் காற்று அடித்தாலும் அங்கே உட்காரலாம்.