கடைவாய் ஞானப்பல் எடுத்த அனுபவம்: போனில் சொல்வதை நம்பி வலியோடு உட்கார்ந்திருக்காதீர்கள்

தருமபுரியில் ஞானப்பல் எடுத்துக்கொண்டேன், இப்போது நன்றாக இருக்கிறேன். ஆனால் ஆபரேஷனைவிட அதற்கு முன்னும் பின்னும் பட்ட அலைச்சல்தான் இன்னும் ஆறவில்லை.

எனக்குக் கீழ்த் தாடையில் பல் படுத்தவாக்கில் பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்தது. மேலே மூடியிருந்த ஈறு அடிக்கடி வீங்கும், வாயைத் திறக்க முடியாது. பல் கிளினிக்கில் காட்டினேன், எடுத்துவிடலாம் என்றார்கள், சரி என்றேன். இந்த மாதிரிப் பல்லுக்குச் சேலத்திலிருந்து ஒரு சர்ஜன் குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும் வருவார். லீவு போட்டு, பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறிப் போய்க் காத்திருந்தால், அவர் என்னுடைய சின்ன எக்ஸ்ரேயைப் பார்த்த உடனே கீழே வைத்துவிட்டார். வேரின் நுனி படத்தில் இல்லை, ஓபிஜி (மொத்தத் தாடையும் ஒரே படத்தில் தெரியும் பெரிய எக்ஸ்ரே) எங்கே என்றார். கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு தாடை எலும்புக்குள் வேருக்கு அடியிலேயே ஓடுகிறது, வேர் அதைத் தொடுகிறதா என்று பார்க்காமல் கை வைக்க மாட்டேன் என்றார். அவர் செய்தது சரி. தேதி கொடுத்தபோதே கவுண்டரில் இதைச் சொல்லியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். நீங்கள் தேதி வாங்கும்போதே ஓபிஜி வேண்டுமா, ஃபிலிமாக வேண்டுமா, போனில் அனுப்பினால் போதுமா என்று கேட்டுவிடுங்கள்.

ஆபரேஷன் பயந்த அளவுக்கு இல்லை. ஊசி போட்டதும் பாதி நாக்கும் உதடும் மரத்துவிடும், அழுத்தமும் சத்தமும் தெரியும், வலி தெரியாது. ஈறைக் கீறி விலக்கி, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே கொஞ்சம் எலும்பைக் குடைந்து, பல்லை முழுசாக இழுக்காமல் இரண்டாக அறுத்துத் துண்டு துண்டாக எடுத்தார். அறுத்தால் எலும்பை அதிகம் குடைய வேண்டியதில்லை என்றார். அப்புறம் தையல், கடித்துக்கொள்ளப் பஞ்சு, மாத்திரைச் சீட்டு.

வீக்கம் முதல் நாளைவிட 2, 3 நாளில்தான் உச்சத்துக்குப் போகும், பயப்பட வேண்டாம். முதல் 24 மணி நேரம் வெளியே ஐஸ் ஒத்தடம், அதற்குப் பிறகுதான் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர். அதையும் காறித் துப்பாமல், குனிந்து தானாக வழியவிட வேண்டும். இளநீர் வாங்கினால் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், ஸ்ட்ரா கூடாது. உறிஞ்சினால் குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். நம் ஊர் ராகிக் கூழ் நன்றாக ஆறவைத்துக் குடிக்கத் தோதானது, ஆனால் வெங்காயம் நறுக்கிப் போடாதீர்கள், துணுக்கு போய்க் குழியில் உட்கார்ந்துகொள்ளும்.

இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்தும், வீக்கம் வடிய ஆரம்பித்த பிறகு வலி புதிதாகக் கிளம்பியது. காதுக்குள் போய் நெற்றிப்பொட்டு வரைக்கும் குத்தியது, வாயில் ஒரு கெட்ட வாடை, மாத்திரை போட்டாலும் தூங்க முடியவில்லை. போன் செய்தால் ரிசப்ஷனில் இருந்த பெண், "அதெல்லாம் அப்படித்தான் இருக்கும்க்கா, பெரிய டாக்டர் சனிக்கிழமை வருவாரு, அன்னைக்கு வாங்க" என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டபோதும் அதே பதில். தாங்க முடியாமல் நேரிலேயே போய் நின்றேன். உள்ளே வழக்கமான பல் டாக்டரம்மா இருந்தார்! அத்தனை நாளும் இருந்திருக்கிறார். டார்ச் அடித்துப் பார்த்து, "ட்ரை சாக்கெட்மா, ரத்தக்கட்டு போயி எலும்பு தெரியுது, ஏன் முன்னாடியே வரலை?" என்றார். நான் ரிசப்ஷனைக் காட்டினேன்.

குழியைச் சலைன் விட்டுக் கழுவி, கிராம்பு எண்ணெய் வாசனை வரும் மருந்தைத் துணிநாடாவில் தோய்த்து உள்ளே வைத்தார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் காது வலி அடங்கிவிட்டது, அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன். இது சீழ்ப் பிடிப்பு இல்லை, இதற்காகத் தனியாக ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்றும் சொன்னார். அந்த மருந்துத் துணியைச் சொன்ன தேதியில் போய் மாற்றிக்கொள்ள வேண்டும், வீட்டில் தானாகப் பிடுங்கக் கூடாது.

இந்த ட்ரை சாக்கெட் பொதுவாகப் பல் எடுத்த 3 முதல் 5 நாளுக்குள் வரும், புகைபிடிப்பவர்களுக்கு அதிகம் வரும், கீழ்த் தாடையில்தான் பெரும்பாலும் வரும். குறைந்த வலி திரும்பக் கூடினால் போனில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், நேரில் போய் எந்த டாக்டர் இருந்தாலும் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல், விழுங்க முடியாமை, நிற்காத ரத்தம், ஊசியின் வீரியம் போன பிறகும் மரத்தே இருக்கும் உதடு, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். கிளினிக்கில் யாரும் இல்லாவிட்டால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், கையில் ஓபிஜியையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு.