பூமலைத் தோட்டக்காரன் ஊருக்குப் போவானா?

சிங்கப்பூரில் மரம் நடுவது, நட்டதைக் காப்பாற்றுவது, சாயப்போகிற மரத்தை அது சாய்வதற்குள் கண்டுபிடித்துக் கிளை கழிப்பது, இதுதான் என் பிழைப்பு. எங்கள் ஆட்கள் ஊருக்குப் போன் பேசும்போது "புல்லு வெட்டுற கம்பெனி" என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள், அதுவும் சரிதான். ராத்திரி வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு ஒரு நாவல் எழுதுகிறேன். பஞ்சத்துக்குத் தப்பி 1877-இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, இங்கே பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில், தோட்ட வேலைக்குச் சேர்ந்து, ஊரா இந்த மண்ணா என்று தீராத இழுபறியில் கிடக்கிற ஒருவனின் கதை. சரித்திர நாவல் என்றதும் ராஜாவையும் குதிரையையும் எதிர்பார்க்கிற நண்பர்களுக்கு இதில் மண்வெட்டியும் பூவாளியும்தான் கிடைக்கும்.

1877 என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தின வருஷம்தான் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ரப்பர் விதைக்கு ஆயுசு குறைவு, சில வாரம் தாமதித்தாலே முளைப்புத் திறன் போய்விடும். அத்தனையில் முளைத்தது 2,700 சொச்சம்தான். பெரும்பகுதி நாற்று இலங்கைக்குப் போனது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22. அதே சமயம் கடலுக்கு அந்தப் பக்கம் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். நாற்றும் மனிதனும் ஒரே வருஷத்தில் இந்தத் தீவில் இறங்குகிறார்கள், கதை எழுதுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், அடித்தட்டில் நம் ஆள் நாக்கு வறண்டு கிடக்கிறான் என்று ஒரு காட்சியும் எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இடத்துக்கு யார் வந்தாலும் அதைத்தான் எழுதுவார்கள். போதாததற்கு, அந்தக் காலத்தில் செடிகளைக் கப்பலில் அனுப்பிய வார்டியன் பெட்டி நன்றாக மூடியது, உள்ளே இருக்கிற ஈரமே ஆவியாகிக் கண்ணாடியில் வழிந்து திரும்ப மண்ணுக்கு வந்துவிடும், யாரும் பூவாளியோடு பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. காட்சியைத் தூக்கிவிட்டேன்.

தாய்நாட்டுக்கும் காலனிக்கும் நடுவே தவிக்கும் தோட்டக்காரன் என்றாலே கியூவில் பயிற்சி பெற்று வந்த வெள்ளைக்காரன் ஒருவன்தான் பலருக்கு மனசில் வருவான். அவனுக்குக் கணக்கு சுலபம். வீடு அங்கே, வேலை இங்கே. 1888-இல் பூமலைக்குப் பொறுப்பேற்ற ரிட்லி 1912-இல் ஓய்வு பெற்றார், இங்கிலாந்துக்குத் திரும்பினார், நூறு வயது வாழ்ந்து 1956-இல் கியூவிலேயே காலமானார். நம் ஆளுக்கு எது தாய்நாடு, எது காலனி? தஞ்சாவூரில் கலெக்டர், இங்கே கவர்னர். 1867 வரைக்கும் இந்தத் தீவே இந்திய அரசாங்கத்தின் கீழ்தான் இருந்தது. ஊரில் ரூபாயில் இருந்த அதே விக்டோரியா ராணியின் தலைதான் இங்கே சென்ட்டிலும் இருந்தது. ஒரு காலனியிலிருந்து இன்னொரு காலனிக்கு வந்தவன் அவன். இதைப் புரிந்துகொண்ட பிறகு முதல் பாகத்தில் அவன் புலம்புகிற பக்கங்களில் பாதி தேவையில்லாமல் போய்விட்டது.

செடிகளும் அப்படித்தான், ஊர்ச்செடி, அந்நியச் செடி என்று பிரித்தால் கோடு நேராக வராது. எங்களிடம் வேலை பார்க்கிற ராமநாதபுரத்துத் தம்பி ஒருவர் வந்த புதிதில் சாலையோரத்து மரத்தைப் பார்த்து, "அட, எங்க ஊரு தூங்குமூஞ்சி மரம்ணே" என்று அத்தனை சந்தோஷப்பட்டார். அது அவர் ஊர் மரமும் இல்லை, இந்த ஊர் மரமும் இல்லை. தென்னமெரிக்கப் பக்கத்து மரம், 1876 வாக்கில் இங்கே வந்தது, பிறகு சிங்கப்பூர்ச் சாலைகளுக்கே அடையாளமாகிவிட்டது. மேம்பாலங்களில் வழிகிற காகிதப்பூவும் தென்னமெரிக்காதான். நம்மூரை எடுத்துக்கொண்டால் மிளகாய், கொய்யா, முந்திரி மூன்றுமே அமெரிக்கக் கண்டங்களின் சரக்கு, போர்ச்சுக்கீசியர் காலத்தில் வந்தவை. என் ஆள் குழம்புக்கு மிளகாய் கிள்ளும்போது ஊர் வாசனை வந்து கண் கலங்குவதாக எழுதினால் கலங்கட்டும், தப்பில்லை. எழுதுகிறவனுக்கு மட்டும் அது எங்கிருந்து வந்த காய் என்று தெரிந்திருக்க வேண்டும். உண்மையில் இரண்டு கரைக்கும் சொந்தமான மரம் என்றால் புன்னை. ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் கடற்காற்றைத் தாங்கி நிற்கிறது, நாகப்பட்டினக் கரையிலும் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா இருக்கிற இடமே 1960-களில் தொடங்கிக் கடலைத் தூர்த்து எடுத்த நிலம்.

தொழில்காரனாக ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். புலம்பெயர்ந்தவர்களைப் பற்றி எழுதுகிற பலரும் 'வேரோடு பிடுங்கப்பட்டவர்கள்' என்று ஆரம்பிக்கிறார்கள். வளர்ந்த மரத்தை யாரும் பிடுங்க மாட்டார்கள், பிடுங்கினால் செத்துப்போகும். ஒரு மரத்தை இடம் மாற்ற வேண்டுமென்றால் பல மாதத்துக்கு முன்பே வேலை ஆரம்பித்துவிடும். மரத்தைச் சுற்றி வட்டமாகப் பள்ளம் தோண்டி ஒரு பக்கத்து வேரை மட்டும் வெட்டுவோம். கொஞ்ச நாள் விடுவோம். வெட்டின இடத்தில் சல்லிவேர் விட்டதா என்று பார்த்துவிட்டு அடுத்த பக்கம். கடைசியில் வேரையும் மண்ணையும் சேர்த்து உருண்டையாகச் சாக்கில் சுற்றிக் கட்டி கிரேனில் தூக்கும்போது மரத்துக்குப் பழைய இடத்தோடு ஒட்டே இருக்காது. புது இடத்தில் அது செத்தால் பெரும்பாலும் புது மண்மேல் குற்றமில்லை. ஆழமாகப் புதைத்திருப்பார்கள், தண்ணீர் தேங்கியிருக்கும், மிதித்து மிதித்து மண் இறுகியிருக்கும். இல்லையென்றால் முட்டுக்கொடுத்துக் கட்டிய கயிற்றை அவிழ்க்க மறந்திருப்பார்கள், அது தண்டை நெரித்துவிடும். கட்டு அவிழ்க்காத மரம் காற்றில் ஆட முடியாது, ஆடாத மரம் தடிக்காது.

இதை வைத்துத்தான் நாவலின் ஆரம்பத்தையே மாற்றினேன். பழைய பிரதியில் ஒரே ராத்திரியில் ஊரை விட்டு ஓடுகிறான். இப்போது அப்படியில்லை. முதலில் உழவு மாட்டில் ஒன்றை விற்கிறார்கள், இன்னொன்று தீவனமில்லாமல் சாகிறது. பிறகு நிலம் அடமானத்துக்குப் போகிறது. பிறகு பித்தளைப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக. அக்காவைத் தூரத்தில் கட்டிக்கொடுக்கிறார்கள். ஆத்தா சாகிறாள். கப்பலில் கால் வைக்கும்போது அறுப்பதற்கு அவனிடம் எதுவும் மிச்சமில்லை, அதனால் நாகப்பட்டினக் கரையில் அவன் அழுவதுமில்லை.

பூமலை அவனுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே நான் அங்கே நடப்பதுண்டு. 1859-இல் தோட்டம் தொடங்கியது, டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலும் அதே வருஷம்தான். தைப்பூசத்துக்கு அவனை அங்கே அனுப்பாமல் எப்படி இருக்க முடியும்? சிங்கப்பூர் ஐந்து வெள்ளி (டாலர்) நோட்டில் இருக்கிற தெம்புசு மரம் தோட்டத்துக்கும் மூத்தது, அதன் சருகை அவன் பெருக்கியிருப்பான். 1887-இல் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்குகிறார், யாரோ வாசிக்க இவன் உட்கார்ந்து கேட்கிறான். எழுதப் படிக்கத் தெரியாதவனாகத்தான் வைத்திருக்கிறேன். கையில்தான் அவன் கெட்டிக்காரன்.

அந்தக் கைதான் கதையின் முடிச்சு. ரப்பர் மரத்தைக் கண்டபடி கொத்திப் பால் எடுத்தால் மரம் கெட்டுவிடும். பட்டைக்கு உள்ளே இருக்கிற வளரும் படலத்தைத் தொடாமல், மீன்முள் மாதிரி சாய்வாகக் கீறி, அடுத்த தடவை அதே வெட்டின் ஓரத்தை மெல்லிசாகச் சீவினால் மரமும் பிழைக்கும், பாலும் வரும். 1890-களில் ரிட்லி பூமலை மரங்களில் வெட்டிப் பார்த்து நிலைநிறுத்திய முறை இது. காப்பியை நம்பியிருந்த தோட்டத் துரைமார்கள் அப்போது ரப்பரைச் சீந்தவில்லை. சட்டைப்பையில் விதையைப் போட்டுக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் நடச் சொல்லி நச்சரித்த ரிட்லிக்குப் பைத்தியக்காரர் என்றே பெயர். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனர் துணிந்து பயிரிட்டார். அப்புறம் கார்கள் பெருகி டயருக்குக் கிராக்கி வந்ததும் மலாயாவே ரப்பர் காடானது. யோசனை ரிட்லியுடையது, சரி. ஆனால் வெயில் ஏறினால் பால் வரத்து குறையும் என்பதால் தினம் விடிவதற்குள் போய்க் கத்தி பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே. என் நாவலில் அது இவன்.

அவன் கைப்பழக்கத்தில் திருந்திய வெட்டு பிறகு ஆயிரம் தோட்டங்களுக்குப் போகிறது. அந்தத் தோட்டங்களுக்குக் கத்தி பிடிக்க ஆள் எங்கிருந்து வந்தது? அவன் ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும்தான், ஆள் சேர்த்துக் கூட்டிவருகிற கங்காணியின் பின்னால். கங்காணி இவனைத் தேடி வந்து, "நீ இங்க நல்லாத்தானே இருக்க, ஊர்ல ஒரு வார்த்தை சொல்லு" என்று கேட்கிறான். ஊர் நினைப்பில் உருகுவதைவிடப் பெரிய இக்கட்டு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்ததில்லை, என் போனில் கிடைத்தது. ஊரிலிருந்து யாராவது ஒரு பையன், சொந்தமோ சொந்தத்துக்குச் சொந்தமோ, "மாமா, அங்க வேலை இருக்கா? வரலாமா?" என்று கேட்கிறான். ஏஜெண்டுக்குக் கட்டுகிற பணத்தை அடைக்கவே எத்தனை மாசச் சம்பளம் போகும், லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிற காலை எப்படி இருக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். அதே வேலையில் சேர்த்த காசில் தங்கை கல்யாணத்தை முடித்து மாடி வீடு கட்டியவர்களையும் தெரியும். வா என்றாலும் கனக்கிறது, வராதே என்றாலும் கனக்கிறது. 'நீங்க மட்டும் போய்ப் பிழைச்சுக்கிட்டீங்க' என்று ஒருவன் நினைத்துவிட்டால் அதற்குப் பதிலே கிடையாது.

நாவலின் முதல் வாசகர்கள் எங்கள் ஆட்கள்தான். இடி மின்னல் எச்சரிக்கை வந்து 'கேட் ஒன்' என்று சொல்லிவிட்டால் மரத்தடியில் யாரும் நிற்கக்கூடாது, எல்லாரும் பக்கத்து வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் வாய்ட் டெக்கில், அதாவது திறந்த கீழ்த்தளத்தில், ஒதுங்கிவிடுவோம். டிசம்பர் மழையில் அது சில சமயம் நீளும். அப்போது போனில் இருக்கிற அத்தியாயத்தை வாசித்துக் காட்டுவேன். வர்ணனை வந்தால் ஆளாளுக்கு வீடியோ பார்க்கப் போய்விடுவார்கள், நல்ல விமர்சனம். புதுக்கோட்டைக்காரர் ஒருவர் மட்டும் முழுசாகக் கேட்பார். அவருக்கு ஒரே கேள்விதான்.

"அண்ணே, கடைசில அவரு ஊருக்குப் போறாரா இல்லையா?"

"அதைத்தான் தம்பி முடிவு பண்ண முடியல. போனாலும் மனசு இங்க இருக்கும், இருந்தாலும் மனசு அங்க இருக்கும்."

"இதுல என்னண்ணே இருக்கு? லீவுக்குப் போய்ட்டு வரட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் சரித்திரம் அவர் பக்கம்தான். கடல் கடந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஒரேயடியாக வந்தவர்களும் இல்லை, ஒரேயடியாகத் திரும்பியவர்களும் இல்லை. சில வருஷம் இருந்து, போய், மறுபடி வந்து, கூட ஓர் ஆளையும் அழைத்து வந்தவர்கள் ஏராளம். இருப்பதா போவதா என்று ஒரே முடிவில் கதையை நிறுத்த வேண்டும் என்பது நாவலாசிரியர்களின் அவசரம். அதற்குப் பிறகு என் தோட்டக்காரன் லீவுக்குப் போகிறான். திரும்பும்போது முருங்கைப் போத்து கொண்டு வரட்டும் என்று புதுக்கோட்டைக்காரரே யோசனை சொன்னார், வெட்டுவாயில் சாணியை அப்பி ஈரச்சாக்கில் சுற்றினால் கப்பல் பயணத்தைத் தாங்குமாம். இப்போது விமான நிலையத்தில் அதையெல்லாம் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், அப்போது கேட்க ஆளில்லை.

இப்போது நடப்பது அந்த ஊர் அத்தியாயம். அக்கா மகன் வளர்ந்து வாலிபனாகி நிற்கிறான், மாமன் வாங்கி வந்த சீட்டித் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "நானும் வரட்டா மாமா?" என்கிறான். இந்த இடத்தில் மாமன் என்ன சொல்வான் என்று வாய்ட் டெக்கில் பெரிய வாக்குவாதமே நடந்தது. "வரச் சொல்லுங்கண்ணே, ஆனா கடன் வாங்காம வரச் சொல்லுங்க" என்றார் புதுக்கோட்டைக்காரர். கடன் இல்லாமல் 1890-களில் எப்படி வருவது? கங்காணி கொடுக்கிற முன்பணத்தில்தான் கப்பல் கட்டணமே, அது இங்கே இறங்கியதும் சம்பளத்தில் பிடித்தமாகிவிடும். இருந்தாலும் அந்த வரியை அப்படியே மாமன் வாயில் வைத்துவிட்டேன். அக்கா மகன் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். மாமனுக்குக் கோபம் வந்துவிடுகிறது.