கண்ணில்லா இறால் வாழும் ஸ்லோவேனியக் குகைகள்

ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னா குகைக்குப் போகிற பலர் குகை ரயிலில் ஏறி, சுண்ணாம்புத் தூண்களைப் படம் பிடித்து, ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். 5 கி.மீ. சுற்றில் 3.7 கி.மீ. ரயில்தான். பார்க்க வேண்டிய குகைதான், ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. அந்தப் பாறைக்கு அடியில் ஓடும் நீரில் ட்ரோக்லோகாரிஸ் என்ற நன்னீர் இறால் வாழ்கிறது. கண் பார்வை கிடையாது, உடலில் நிறமும் கிடையாது. 1848இல் கொல்லார் என்ற ஆய்வாளர் இதை முதலில் விவரித்தார். பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல், ‘இதில் எத்தனை இனம்?’ என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் தந்த விடை மாறிக்கொண்டே இருந்தது.

தலைநகர் லியூப்லியானாவிலிருந்து போஸ்டோய்னா சுமார் 50 கி.மீ. பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். குகைக்குள் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 10 டிகிரியை ஒட்டியே இருக்கும், ஆகஸ்ட் வெயிலில் போனாலும் ஸ்வெட்டர் வேண்டும். ரயில் சுற்றை முடித்ததும் நுழைவாயிலுக்கு அருகில் குகை உயிர்களை வைத்துக் காட்டும் விவேரியத்துக்கும் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குகை உயிர்களின் உடலமைப்பை முதலில் அங்கே பார்த்துவிட்டால், பிறகு இயற்கையான குட்டையில் எதைத் தேடுவது என்று கண்ணுக்குப் பழகியிருக்கும்.

இறாலுக்காகப் போக வேண்டிய இடம் அருகிலுள்ள பிளானினா குகை. போஸ்டோய்னா குகையிலிருந்து வரும் பிவ்கா ஆறும், செர்க்னிட்சா பக்கத்திலிருந்து வரும் ராக் ஆறும் இதன் உள்ளே பாறைக்கு அடியிலேயே ஒன்று சேர்கின்றன. வாசலில் வெளியேறும் ஆற்றுக்கு உனிட்சா என்று பெயர். 1948இல் பிர்ஷ்டைன் என்ற ஆய்வாளர் ஓர் இறாலுக்கு ட்ரோக்லோகாரிஸ் பிளானினென்சிஸ் என்று பெயர் வைத்தது இந்தக் குகையை வைத்துத்தான். வழிகாட்டி இல்லாமல் போக முடியாது, முன்கூட்டியே பேசி வையுங்கள். கோடையில் நீர் குறைவாக இருக்கும் மாதங்களே நல்லது. இலையுதிர் காலத்திலும் பனி உருகும் போதும் ஆறு பொங்கிவிடும். அப்போது பாதை அடைபடும், தண்ணீரும் கலங்கிக் கிடக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலைக்கவசத்தில் ஒரு விளக்கு, கையில் தனியாக ஒரு விளக்கு, மாற்று பேட்டரி இவ்வளவும் கட்டாயம். மற்றொரு ஆற்றிலோ குகையிலோ போட்ட பூட்ஸை நன்றாகக் கழுவி முழுக்க உலர்த்திய பிறகே இங்கே போடுங்கள். ஈரச் சேற்றோடு நோய்க்கிருமி வந்து சேரும்.

இறால் 2, 3 செ.மீ. நீளம்தான், கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். விளக்கை நேராக மேலிருந்து அடித்தால் நீர்ப்பரப்பு மின்னும், வேறொன்றும் தெரியாது. விளக்கைத் தாழ்த்தி, பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். முதலில் கண்ணில் படுவது இறால் அல்ல, அடிமணலில் நகரும் அதன் நிழல். நிழலுக்கு மேலே பார்த்தால் குடல் மெல்லிய கருங்கோடாகத் தெரியும், அதை வைத்து மற்ற உடலைக் கண்டுபிடித்துவிடலாம். முன்கால்களின் நுனியில் மயிர்க்கற்றை இருக்கும். அதனால் பாறையையும் வண்டலையும் வருடி வருடி வாய்க்குக் கொண்டுபோகும். வயிற்றில் முட்டை சுமக்கும் பெண் இறால் கிடைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். முட்டைகள் எண்ணிக்கையில் குறைவு, அளவில் பெரியவை. இரை குறைந்த இடத்தில் நிறையக் குஞ்சுகளை விடுவதைவிட, வலுவான சிலவற்றை விடுவதே பிழைக்கும் வழி.

குட்டைக்குள் கால் வைத்துவிடாதீர்கள். தேங்கிய நீரில் கிளம்பும் வண்டல் சீக்கிரத்தில் படியாது, பின்னால் வருகிறவர்களும் ஒன்றையும் பார்க்க முடியாது. கண் இல்லாவிட்டாலும் நீரின் அதிர்வை இறால் உடனே உணரும். வாலைச் சுண்டிப் பின்னோக்கிப் பாய்ந்து இடுக்கில் மறைந்துவிடும்.

இனி இனம் பிரிக்கும் விஷயம். இதைத் தெரிந்துகொண்டு போனால் இந்தப் பயணத்தின் சுவையே வேறு. கடையில் வாங்கிய இறாலை உரிக்கும்போது விரலைக் குத்துமே, தலையில் முன்னோக்கி நீளும் முள், அதன் நீளத்தையும் பற்களையும் வைத்துத்தான் பழைய ஆய்வாளர்கள் இனங்களைப் பிரித்தார்கள். இந்தக் குகைகளில் அந்த முள் ஏமாற்றும். புரோட்டியஸ் என்ற குருட்டுச் சாலமாண்டர் (பல்லி வடிவ நீர்வாழ் உயிர்) இந்த இறாலைத் தின்னும். 2010இல் வெளிவந்த ஸ்லோவேனிய ஆய்வு ஒன்றின்படி, புரோட்டியஸ் உள்ள நீரில் வாழும் இறால்களுக்கு முள் நீளமாக இருக்கிறது, அது இல்லாத நீரில் குட்டையாக இருக்கிறது. ஆகவே முள் வேறுபட்டாலும் ஒரே இனமாக இருக்கலாம். பார்வைக்கு அச்சாக ஒன்றுபோல இருப்பவை வேறு வேறு இனங்களாகவும் இருக்கலாம்.

குழப்பம் தீர டி.என்.ஏ. தேவைப்பட்டது. ஆய்வாளர்கள் ஸ்கெட், சாக்‌ஷெக் இருவரும் 2009இல் ஐரோப்பியக் குகை இறால்களை மரபணு, உடலமைப்பு இரண்டையும் வைத்து மறுபடி வகைப்படுத்தி, நான்கு புதிய இனங்களையும் ஒரு புதிய பேரினத்தையும் (இனத்துக்கு மேலுள்ள பிரிவு) அறிவித்தார்கள். பிரான்சின் குகை இறாலுக்குக் கலோகாரிஸ் என்ற தனிப் பேரினம் கிடைத்தது அப்போதுதான்.

டி.என்.ஏ. வைத்து இனம் பிரிக்கும் இந்த வேலை பெரும்பாலும் கெட்டுப்போவது குகை வாசலிலேயே. பிடித்த இறாலை 96 விழுக்காடு எத்தனாலில் போட வேண்டும். 70 விழுக்காட்டில் உடல் கெடாமல் இருக்கும், டி.என்.ஏ. மெல்லச் சிதையும். இறாலின் உடல்நீர் கலந்து எத்தனால் நீர்த்துப்போவதால் ஒரு நாள் கழித்து அதை மாற்றிவிட வேண்டும். ஃபார்மலினில் போட்டால் மரபணு வேலைக்கு அநேகமாக உதவாது. எத்தனாலில் விழுந்ததும் கண்ணாடி உடல் வெளுத்துப்போகும், அதனால் படம் எடுப்பது அதற்கு முன்பே. சோதனைக்கு வயிற்றடியில் உள்ள நீச்சல்கால் ஒன்று போதும், மீதி உடல் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். வளர்ந்த ஆண் இல்லாமல் விவரிப்பு முழுமையடையாது, ஆணின் இரண்டாம் நீச்சல்காலில் உள்ள சிறு உறுப்பு முக்கியமான அடையாளம். மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்றை மட்டும் நம்புவதும் ஆபத்து. அது தாய்வழி மட்டுமே வருவது, உட்கரு மரபணுவும் அதே பிரிவைக் காட்டினால்தான் புது இனம் என்று துணிந்து சொல்லலாம்.

இதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாளர்களுக்கு. ஸ்லோவேனியாவில் 2004ஆம் ஆண்டின் குகைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயணி ஓர் இறாலைக்கூட எடுக்கக் கூடாது. புட்டியின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, இறைச்சித் துண்டு வைத்துச் செய்யும் பொறியை யாராவது வேடிக்கையாகச் சொன்னால் அதையும் கேட்காதீர்கள். வெள்ளம் வந்து பொறியை எடுக்க முடியாமல் போனால் இறைச்சி அழுகும், நீரில் ஆக்சிஜன் தீரும், உள்ளே புகுந்தது எல்லாம் சாகும்.

பெரிய ஆபத்து மேலே தரையில் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கும் நீரை மண் வடிகட்டுவதில்லை. வயலின் உரமும் ஊரின் கழிவுநீரும் விரைவாகக் குகை ஆற்றுக்கு வந்துவிடும். இனம் பிரித்துப் பார்ப்பது அவசியம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். ஒரே இனம் நாடெங்கும் பரவியிருக்கிறது என்று நினைத்தால் ஓர் ஆறு கெடுவது சின்ன இழப்பாகத் தெரியும். அந்த ஆற்றுக்கென்றே தனி இனம் இருந்தால் அது அத்தோடு அழிந்துவிடும்.

நாள் மிச்சமிருந்தால் தெற்கே போஸ்னியா-ஹெர்சகோவினாவின் வியெத்ரெனிட்சா குகைக்கும் போய் வாருங்கள். போபோவோ சமவெளியில் சாவாலா ஊரை ஒட்டி இருக்கிறது, குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கிலிருந்து போவது எளிது. எல்லை கடப்பதால் கடவுச்சீட்டு கையில் வேண்டும், இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் விசா விதியை முன்பே பார்த்துவிடுங்கள். 2024இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த குகை இது. கோடையில் வாசலில் குளிர்காற்று பலமாக அடிக்கும், ஸ்வெட்டரை உள்ளே போன பிறகல்ல, வெளியிலேயே மாட்டிக்கொள்ளுங்கள். இங்கே ஒன்றுக்கு மேற்பட்ட குகை இறால் இனங்கள் சேர்ந்து வாழ்கின்றன. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, தலைமுள்ளின் நீளத்தை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம்.